கடைசியாகக் கை வைத்தவள்

"நீ வெளியே வராதே! அந்த லாரி இங்கேருந்து போற வரைக்கும் உன் தலை பட்டறைப் பக்கம் தெரியக்கூடாது. சொல்லிட்டேன்...!"

காலை எட்டு மணிக்கே மாமியாரின் குரல் உச்சத்துக்கு ஏறியிருந்தது. மூத்த மருமகள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்பைத் தணித்தாள்.

வெளியே சங்கிலி இழுபடும் சத்தம். முன்னால் ஒரு வண்டி இழுக்க, பின்னால் அந்தப் பழைய லாரி பட்டறைக்குள் வந்துகொண்டிருந்தது. அவள் எட்டிப் பார்க்கவில்லை. இடது பக்கத்து ஸ்பிரிங் பட்டைகள் ஒன்றோடொன்று உரசி எழுப்பும் அந்த முனகலை, நூறு வண்டிகளுக்கு நடுவிலும் அவளால் அடையாளம் சொல்ல முடியும்.

நாலு மாதத்துக்கு முன்னால் இதே வாசலிலிருந்து கிளம்பிப் போன லாரி அது. போன இரண்டு மணி நேரத்தில், கல்குவாரி இறக்கத்தில், ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தும் சக்கரம் திரும்பாமல், மண்மேட்டில் மோதி நின்றது. ஓட்டியவரின் இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

அதற்குக் காரணம் அவள்தான் என்று இந்த வீடு நம்பியது. அவளே தன் வாயால் அப்படிச் சொல்லியிருந்தாள்.

வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டகைதான் பட்டறை. பழைய லாரிகளின் முன்பக்க வேலை மட்டும் அங்கே நடக்கும். முன்சக்கரம் திரும்ப அச்சாக நிற்கும் கிங் பின்னின் தேய்மானம், அதைச் சுற்றி ஆட்டம் கண்ட புஷ், உடைந்த ஸ்பிரிங் பட்டை, லூசான ஸ்டியரிங் மூட்டு... "முன்சக்கரம் ஆடுதா? மேஸ்திரிகிட்ட விடு" என்று லாரி நிறுத்தத்தில் பேச்சு. மேஸ்திரி அவள் கணவர். கூடவே வேலை செய்தவன் அவருடைய தம்பி, வீட்டில் எல்லோருக்கும் சின்னவன். அவள் கல்யாணமாகி வந்தபோது அவனுக்கு எட்டு வயது. தலை வாரிவிட்டது, பரீட்சைக்கு எழுப்பிவிட்டது, அவன் முதன்முதலில் ஸ்பேனரால் விரலை நசுக்கிக்கொண்டபோது மருந்து கட்டியது எல்லாம் அவள்தான்.

அவளுக்கும் பட்டறையில் ஒரு வேலை உண்டு. ஆண்கள் வேலையை முடித்ததும் கோணியை விரித்து வண்டிக்கு அடியில் போவாள். டார்ச் அடித்து ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்ப்பாள். அந்த நட்டுகள் கழன்றுவிடாமல் குறுக்கே செருகி, கால்களை விரித்து மடக்கிவிடும் ஸ்ப்ளிட் பின்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்ப்பாள். சரியாக இருந்தால் நட்டின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு. அந்தக் கோடு விழாமல் மேஸ்திரி எந்த வண்டியையும் அனுப்பியதில்லை. டிரைவர்கள் அவளுக்கு வைத்த பெயரே சாக்பீஸ் அக்கா.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒரு நாள் அவள் வண்டிக்கு அடியில் போகவில்லை.

அன்றைக்குச் சின்னவனின் மனைவிக்குத் திடீரென்று வலி கண்டுவிட்டது. சின்னவன் அப்போது இந்த லாரிக்கு அடியில் படுத்து டிராக் லிங்க் மாட்டிக்கொண்டிருந்தான். ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகிற இரும்புத் தண்டு அது. அது கழன்றால் ஸ்டியரிங் வெறும் வட்டம்தான். உள்ளேயிருந்து அலறல் கேட்டதும் மீதி வேலையை அவசர அவசரமாக முடித்து, கை கூடக் கழுவாமல் மனைவியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அம்மாவும் அண்ணனும் கூடவே போனார்கள். இவள் ஆஸ்பத்திரிக்கு வேண்டிய துணிகளை அள்ளிக்கொண்டிருந்தபோது லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

"தங்கச்சி, நான் கெளம்பட்டுமா? லோடு காத்துக்கிட்டிருக்கு!"

"போயிட்டு வாங்கண்ணே!" என்று அவள் உள்ளிருந்தே குரல் கொடுத்துவிட்டாள்.

துணிகளைக் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டில் காத்திருந்தவள், விபத்துச் செய்தி வந்ததும் பட்டறைக்கு ஓடினாள். வேலை மேஜையில், கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில், ஒரு புது ஸ்ப்ளிட் பின் கிடந்தது... அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"அண்ணி! பொண்ணு பொறந்திருக்கு அண்ணி! உங்க மூக்கு மாதிரியே...!" சின்னவன் அழுதுகொண்டே சிரித்தான்.

பின்னை எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டாள். மாலையில் மேஸ்திரி எல்லோர் முன்னிலையிலும், "டிராக் லிங்க் கழண்டிருக்கு. கடைசியா யாரு கை வச்சது?" என்று கேட்டபோது, அவள் முன்னே வந்தாள்.

"நான்தாங்க. பின் சரியில்லைன்னு கழட்டினேன். வேற போட மறந்துட்டேன்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து அவளுக்குப் பட்டறை மூடியது. மேஸ்திரி அவளிடம் பேசுவதை நிறுத்தினார். சாப்பாடு வேண்டும் என்றால் தட்டை நகர்த்துவார். லாரி நிறுத்தத்தில் அவளுக்குப் பெயர் மாறி, 'மறதி அக்கா' ஆயிற்று. மாமியார், "என் பேத்தி பொறந்த நாள்ல ஒருத்தன் காலை உடைச்சவ" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். எல்லாவற்றையும்விடச் சின்னவனின் வார்த்தைகள்தான் வலித்தன.

"பாப்பாவை அண்ணி கையில குடுக்காதே. எங்கயாவது வச்சிட்டு மறந்துடுவாங்க!"

வேடிக்கையாகச் சொல்வதுபோல் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. அவள் உள்ளே போய்ப் பாத்திரம் துலக்கினாள். துலக்கின பாத்திரத்தையே மறுபடி துலக்கினாள்... அந்தப் பின்னைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

லாரிக்காரர் புகார் கொடுக்கவில்லை. "எவ்வளவு பெரிய மனசு!" என்று வீடே அவரைக் கொண்டாடியது. எந்த ரோட்டிலும் மூணாம் கியரைத் தாண்டாதவர் என்பதால் அவருக்கு மூணாம்கியர் என்றே பெயர். சொந்த வண்டி. நாலு மாதமாக அது அவர் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் கிடந்தது. இப்போது கால் தேறி, ஊன்றுகோலோடு வண்டியையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

ஜன்னல் வழியே பட்டறைச் சத்தம் கேட்டது.

"அந்த வண்டியில நான் கை வைக்க மாட்டேன்!" சின்னவன் கத்தினான். "பார்த்தாலே உடம்பு நடுங்குது. நீயே செய்ண்ணே."

"சரி, தள்ளு." மேஸ்திரி ஜாக்கியை உருட்டினார். முன்பக்கம் மேலே எழும்பியது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "கிங் பின் ரெண்டும் போச்சு. பட்டையில மூணாவது உடைஞ்சிருக்கு. ரெண்டு நாள் ஆகும்ண்ணே."

"ஆகட்டும் மேஸ்திரி..." மூணாம்கியர் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தார். "தங்கச்சி... உள்ளே இருக்கா?"

"இருக்கா." மேஸ்திரி வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

டிராக் லிங்க்கைக் கழற்றி மேஜை மேல் போட்டார். சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே அந்த மேஜை. நாலு மாதத்து மண்ணும் கிரீஸும் கட்டி, பாறைபோல் இறுகியிருந்தது தண்டு. அவள் பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் இருபத்திரண்டு வருஷப் பழக்கம் கண்ணை அங்கேயே கொண்டு நிறுத்தியது. நட்டு கழன்று போன முனை... அதில் பின் போகிற ஓட்டை... அந்த ஓட்டையில் ஏதோ இருந்தது.

பின் இல்லாமல் போன ஓட்டை காலியாகத்தானே இருக்க வேண்டும்?

அடுப்பை அணைத்தாள். வெளியே நடந்தாள்.

"ஏய்... எங்கே போறே? நான் சொன்னது காதுல விழலையா?" மாமியார் பின்னாலேயே ஓடிவந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சின்னவளும் வாசலுக்கு வந்துவிட்டாள்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. மண்ணெண்ணெயில் துணியை நனைத்து அந்த முனையை அழுத்தித் துடைத்தாள். மண் கரைந்தது. குறட்டை எடுத்து, ஓட்டையில் நீட்டிக்கொண்டிருந்ததைப் பிடித்து மெல்ல இழுத்தாள். வந்தது பின் இல்லை. இரண்டாக மடித்து முறுக்கிய கம்பி, நகத்தளவுத் துண்டு. இரு பக்கமும் அறுந்திருந்தது.

சின்னவன் அதை எட்டிப் பார்த்தான். அவன் முகம் சிவந்தது.

"கம்பியா...? பின் போட மறந்துட்டேன்னுதானே சொன்னீங்க? மறக்கலை! கம்பியைச் சுத்தி அனுப்பியிருக்கீங்க! ஒரு மனுஷன் உயிரு அண்ணி! சின்னப் புள்ளைகூட இப்படிச் செய்யாது!"

"அட பாவி மகளே!" மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். "தெரிஞ்சே பண்ணியிருக்காளே...!"

அவளுக்குத் தெரியும்: நான் இல்லை என்று சொன்னால், அடுத்த கேள்வி யார் என்பது. அப்போது சின்னவனைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். கம்பியை மேஜையில் வைத்தாள்.

மேஸ்திரி அதை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நகத்தால் சுரண்டினார்.

"இது நம்ம பட்டறைக் கம்பி இல்லை" என்றார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"தார்ப்பாய் இழுத்துக் கட்டற கம்பி இது. லாரியிலதான் இருக்கும். இங்கே இது கிடையவே கிடையாது." அவர் தலையை நிமிர்த்தி மனைவியைப் பார்த்தார். நாலு மாதத்தில் முதல் முறையாக நேருக்கு நேர். "நீ கட்டலை. சொல்லு. யாரு கட்டினது?"

அவள் மெல்லத் திரும்பி மூணாம்கியரைப் பார்த்தாள்.

"அண்ணே..." என்றாள்.

அவர் ஊன்றுகோலை இறுகப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் கிடந்த பழைய டயர் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் தங்கச்சி..."

"என்னது?" என்றான் சின்னவன்.

"நான்தாம்ப்பா! இங்கேருந்து போனதும் ஸ்டியரிங் கொஞ்சம் ஒரு பக்கமா நின்னுச்சு. நேராப் போறப்போ சக்கரம் நேரா இருக்கு, ஸ்டியரிங் மட்டும் கோணலா இருக்கு. திரும்பி வந்திருக்கணும். லோடு போயிடுமேன்னு குவாரி வாசல்ல நானே படுத்து டிராக் லிங்க்ல ஒரு முனையைக் கழட்டி, ரெண்டு சுத்து சுத்திச் சரிபண்ணேன். பின்னைக் கழட்டறப்போ ஒடிஞ்சுபோச்சு. வேற பின் இல்லை. கம்பியைச் சுத்தினேன். சாயங்காலம் வந்து போட்டுக்கலாம்னு நெனச்சேன்... அதுக்குள்ள..."

சின்னவளின் தோளில் குழந்தை ஏதோ முனகியது.

"ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் சொன்னாங்க, தங்கச்சி ஒத்துக்கிட்டான்னு. எனக்கு ஒண்ணும் புரியலை. நான் இறுக்கினது போக வேற எதையோ அவளும் மறந்திருப்பா போலன்னு என்னை நானே ஏமாத்திக்கிட்டேன். நாளாக ஆக வாய் வரலை. வேற பட்டறைக்குப் போயிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. மனசு கேக்கலை. இங்கே கொண்டு வந்தேன்... வந்தும் சொல்ல வாய் வரலையே!" அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார்.

சின்னவன் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தான். "நாலு மாசம்! எங்க அண்ணியை நாங்க நாலு மாசம்...!"

"விடுடா!" அவள் குரல் சுரீரென்று எழுந்தது. "கால் ஒடிஞ்ச மனுஷன். விடு!"

அவன் கை தளர்ந்தது. திரும்பி அவளையே பார்த்தான். அவன் முகத்தில் கோபம் போய் வேறு ஏதோ வந்தது.

"அப்போ... நீங்க ஏன் ஒத்துக்கிட்டீங்க அண்ணி? பின்னைக் கழட்டினேன்னு ஏன் சொன்னீங்க?"

அவள் கண் வேலை மேஜைக்குப் போய் வந்தது.

"சொல்லுங்க!"

"அன்னைக்கு... மேஜை மேல புதுப் பின் ஒண்ணு கெடந்துச்சுடா. நீ அவசரத்துல போட மறந்துட்டியோன்னு நெனச்சேன். அப்பத்தான் நீ போன் பண்ணே. பொண்ணு பொறந்திருக்குன்னு சிரிச்சே. அந்தச் சிரிப்புல நான் எப்படிடா மண்ணை அள்ளிப் போடுவேன்? அந்தப் பாப்பா பெரிசாகி, உங்கப்பா நீ பொறந்த அன்னைக்கு ஒருத்தனை நொண்டியாக்கினான்னு யாராவது சொன்னா...? நான் பாக்காம வண்டியை அனுப்பினதும் நெஜந்தானே. அந்தப் பழி என்னோடயே போகட்டும்னு..."

"அது பெரிய சைஸ் அண்ணி!" சின்னவன் அலறிவிட்டான். "ஓட்டையில நுழையலை. தூக்கி மேஜையில வச்சிட்டு வேற பின் எடுத்துப் போட்டேன். ரெண்டு காலையும் மடக்கித்தான் எந்திரிச்சேன்! ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டு, ஆமான்னு நீ சொல்லிட்டா?" அவள் கண்ணீர் இப்போது தடையில்லாமல் ஓடியது. "அப்புறம் நான் என்னடா பண்ணுவேன்? அதுக்குப் பயந்துதான் கேக்கலை. தப்புதான். உன்னைத் தப்பா நெனச்சது என் தப்புதான்..."

"நீங்க தப்புன்னா நான் யாரு அண்ணி? எனக்காகப் பழியைச் சிலுவை மாதிரி சுமந்தவங்களைப் பார்த்து, பாப்பாவை மறந்துட்டுப் போயிடுவாங்கன்னு சொன்னேனே! இந்த வாய்தானே சொல்லுச்சு!" அவன் தன் வாயிலேயே அடித்துக்கொண்டான். அவள் அந்தக் கையைப் பிடித்தாள். அவன் அப்படியே அவள் தோளில் சாய்ந்து, எட்டு வயதுப் பையனைப்போல் தேம்பினான். சின்னவள் ஓடிவந்து, ஒரு சொல்கூடப் பேசாமல், குழந்தையை அவள் கையில் வைத்தாள். நாலு மாதத்தில் முதல் முறை. குழந்தை கிரீஸ் வாசனையில் ஒரு தும்மல் போட்டுவிட்டு அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டது.

குழந்தையை அணைத்தபடியே அவள் கணவரிடம் திரும்பினாள். இவ்வளவு நாளும் நெஞ்சுக்குள் அடக்கி வைத்திருந்தது மேலே வந்தது.

"ஊரு நம்புச்சு, சரி. அத்தை நம்பினாங்க, சரி. சின்னவன் நம்பினான், சரி... நீங்க எப்படிங்க நம்பினீங்க? ஒரு நட்டை மூணு தடவை தொட்டுப் பாக்கறவ நான். பின்னைக் கழட்டிட்டு மறந்துட்டேன்னு சொன்னா, நீங்க எப்படி நம்பலாம்? நாலு மாசம் ஒரு வார்த்தை பேசாம எப்படிங்க இருந்தீங்க?"

மேஸ்திரி கையிலிருந்த கம்பித் துண்டைப் பார்த்தார்.

"நீ பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லையேம்மா" என்றார். "நீ சொன்னா அது அப்படித்தான்... எனக்கு வேற மாதிரி நெனைக்கத் தெரியலை. அதுதான் உடைஞ்சு போயிட்டேன். உன்னைத் திட்டக்கூட வாய் வரலை."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அப்போ என் பொய்யும் நல்லா வேலை செஞ்சிருக்கு!"

"இனிமே வேண்டாம்" என்றார் அவர். கண்ணைத் துடைக்கப்போய் முகமெல்லாம் கிரீஸ் ஆக்கிக்கொண்டார்.

மூணாம்கியர் ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார். "என் வண்டியை இழுத்துட்டுப் போயிடறேன் மேஸ்திரி. இங்கே நிக்க எனக்கு யோக்கியதை இல்லை."

"போங்க! முதல்ல போங்க!" என்றாள் மாமியார்.

"இருங்க." அவள் குழந்தையைச் சின்னவளிடம் கொடுத்தாள். "வண்டி எங்கயும் போகாது. இந்தக் கிங் பின்னோட ரோட்டுல விட்டா அடுத்த தடவை கால் மட்டும் போகாது. வேலையை முடிச்சுத்தான் அனுப்புவோம். ஆனா நீங்க ஒண்ணு செய்யணும் அண்ணே."

"சொல்லு தங்கச்சி. எதுவா இருந்தாலும்..."

"லாரி நிறுத்தத்துக்குப் போங்க. இப்பவே. எல்லா டிரைவரும் இருக்கற நேரம். நடந்ததைச் சொல்லுங்க. என் பேருக்காக மட்டும் சொல்லலை. கம்பியைச் சுத்திக்கிட்டு ஓட்டறவன் அங்கே இன்னும் எத்தனை பேரு இருக்கானோ!"

அவர் தலையாட்டினார். ஊன்றுகோலைத் தட்டித் தட்டி வெயிலில் நடந்தார். பத்தடி பின்னால் சின்னவனும் போனான். துணைக்கா, காவலுக்கா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

ஒரு மணி நேரம் கழித்து அவன் ஓடிவந்து சொன்னான்: "சொல்லிட்டாருண்ணி! என் தோளைப் பிடிச்சுக்கிட்டு டீக்கடை பெஞ்சு மேல ஏறி நின்னு சொன்னாரு. ஒரு வார்த்தை குறைக்கலை. மறதின்னு உங்களைச் சொன்னவன்ல நாலு பேரு தன் வண்டியைக் கொண்டுவந்து காட்டறேன்னு வரிசையில நிக்கறான்!"

அவள் அப்போது வண்டிக்கு அடியில் இருந்தாள். மேஸ்திரி ஒரு பக்கத்துக் கிங் பின்னைச் சம்மட்டியால் தட்டி இறக்க, கீழே இவள் அதைக் கையில் ஏந்திக்கொண்டிருந்தாள். முழங்கை வரை கறுப்பு. "வரட்டும், வரட்டும். முதல்ல அந்தப் புஷ்ஷை எடுத்துக் குடு" என்றாள்.

மதியம் எல்லோரும் சாப்பிட்டு முடித்தும் அவள் எழுந்து வரவில்லை. அரைகுறையாக விட்டுவிட்டு வரும் வேலை இல்லை அது. கொஞ்ச நேரத்தில், பட்டறைத் தரையில் கால் வைக்கவே முகம் சுளிக்கும் மாமியார், கையில் தட்டோடு எண்ணெய்த் தரையில் பார்த்துப் பார்த்து அடியெடுத்து வந்தாள். சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"வெளியே வா. சாப்பிடு."

"கையெல்லாம் கிரீஸ் அத்தை. அப்புறம் சாப்பிடறேன்."

"கையை யாரு கேட்டா? வாயைத் திற."

அவள் கோணியோடு நகர்ந்து தலையை மட்டும் வெளியே நீட்டினாள். மாமியார் ஊட்டிய முதல் கவளம் பாதி சிந்தியது. இரண்டாவது கவளத்தைப் பிசையும்போது கிழவி குமுறிக் குமுறி அழுதாள்.

"என்னை ரெண்டு வார்த்தை கேட்டுடு. மனசுல வச்சுக்காதே. திட்டு... உன்னைப் பேசின பேச்சுக்கு என்னை ஒரு நாளாவது திட்டிடும்மா..."

மருமகள் வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள்.

"திட்டலாம் அத்தை. முதல்ல ஊட்டி முடிங்க. பசிக்குது."